ரசத்தில் கலந்த மாத்திரை

அன்புள்ள அக்கா,

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். அப்பா இருபது வருடமாகக் குடிக்கிறார். கேரளத்தில் மதுக்கடை மூடும் ஒன்றாம் தேதிகூடத் தப்பாது, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவார். வேலைக்குப் போகாத நாட்களில் முதலாளிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வது நான்தான். குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததை அம்மா அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கிறாள். ஆனால் தினமும் சண்டை எனக்கும் அம்மாவுக்கும்தான். அப்பா மேல் கோபமே வருவதில்லை. நான் கெட்டவளா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த மாத்திரை. இன்று இரவே நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது டைசல்ஃபிராமாக இருக்கும். குடித்த மதுவை உடம்பு முழுதாக உடைக்க முடியாமல் பாதியில் தடுத்துவிடும். நடுவில் உண்டாகும் நஞ்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேகம் உடம்பில் இருக்கும். அதனால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் சம்மதத்தோடு டாக்டர் கொடுத்தால்தான் அது மருந்து.

குடியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். நாள்பட்டுக் குடித்தவருக்கு முதல் மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றலும் வரலாம். அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டிய காரியம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் குடித்தது அண்ணன். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த பணத்தை அவனுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று நானும் அம்மாவும் ஒரு வருடம் பேசாமல் இருந்தோம். அவன் திண்ணையில் நிம்மதியாகத் தூங்கினான். போதையில் இருக்கிறவரிடம் கோபப்பட்டுப் பலனில்லை, காலையில் அவருக்கு நினைவே இருக்காது. திருப்பிப் பேச ஆள் வேண்டுமே, அதற்கு அம்மா அகப்படுகிறாள். அவளுக்கு நீங்கள். நீங்கள் கெட்டவள் இல்லை க., இருபது வருடக் கோபம் போக வேறு இடம் இல்லாமல் இருந்திருக்கிறது.

அம்மா மாத்திரை கலப்பதும் நீங்கள் காய்ச்சல் என்று சொல்வதும் ஒரே பயத்தில்தான். அடுத்த முறை முதலாளியிடம் அப்பாவே பேசட்டும். கூலி போகும், வீட்டில் ரகளை நடக்கும், தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் குடியால் வரும் நஷ்டம் அவர் கைக்கே போய்ச் சேராதவரை, நிறுத்த அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? ஒன்று மட்டும், அவர் கை நீட்டுகிறவர் என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் உதவி எண் 14405. அவர் வர மறுத்தாலும் நீங்கள் பேசலாம். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. அம்மாவைக் கூட்டிப் போங்கள். போகும் வழியில் பஸ்ஸில் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம். அவள் கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.