அடேர் பைபாஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் அயர்லாந்தில், லிமரிக்கில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வீடு நியூகாசில் வெஸ்டில். தினமும் அடேர் வழியாகத்தான் போய்வருகிறேன். ஓலைக்கூரை வீடுகளும் இடிந்த மடாலயங்களும் உள்ள அழகான ஊர். ஆனால் நகராத காருக்குள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அந்த அழகே சலித்துவிட்டது.

இப்போது அங்கே ஊரைத் தவிர்த்துப் போகும் மோட்டார்வேயாக (அதிவேக நெடுஞ்சாலை) பைபாஸ் போடுகிறார்கள். கடையில், சர்ச் வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் எங்கே போனாலும் அதே பேச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் டிரோன் வீடியோவைக் காட்டி எந்தப் பாலம் எதுவரை வந்திருக்கிறது என்று விளக்குகிறார். அவர் கார் ஓட்டுவதை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது! ராத்கீலிலிருந்து அட்டிஃப்ளின் வரை மொத்தமே பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். இதற்கு இவ்வளவு எதிர்பார்ப்பா? ஊருக்குள் வண்டி வராவிட்டால் கடைகள் படுத்துவிடாதா? கடைக்காரர்களும் சேர்ந்துதானே காத்திருக்கிறார்கள், அது எப்படி? கோல்ஃப் பந்தயத்துக்காகப் போடும் சாலை என்று சிலர் சலித்துக்கொள்வதையும் கேட்கிறேன். நீங்கள் கால்வேயில் இருந்தபோது இப்படி ஒன்றைப் பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. என் கணவர் இன்னும் லேர்னர் பெர்மிட்டில்தான் ஓட்டுகிறார். சாலை திறந்ததும் அவர் அதில் ஓட்டலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. கால்வே பக்கத்திலும் அவரைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தார். கார் ஓட்டாத மனிதருக்கு மோட்டார்வே எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சாலையில் போவதற்காக அவர் காத்திருக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கமாகப் போய்விட வேண்டும் என்றுதான் காத்திருக்கிறார். அயர்லாந்தின் கிராமப்புறத்தில் ஒரு புதிய சாலைக்கான ஆவலில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

நான் பார்த்தது கோர்ட் என்ற சிற்றூரிலிருந்து ட்யூவம் வரை போன எம் 17, எம் 18 மோட்டார்வே. மொத்தம் 57 கிலோமீட்டர். 2017 செப்டம்பர் 27 அன்று திறந்தார்கள். அதற்கு முன் லிமரிக்கிலிருந்து வடக்கே வருகிறவர்கள் கோர்ட்டைத் தாண்டியதும் மோட்டார்வேயை விட்டு இறங்கி லபேன், ஆர்ட்ரஹன், கில்கோல்கன், கிளாரின்பிரிட்ஜ் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்துதான் கால்வேக்கு வர வேண்டும். அந்த ஊர்களில் நெடுஞ்சாலையும் கடைத்தெருவும் ஒன்றுதான். லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சிலேஜ் (மாட்டுக்குச் சேமித்துவைக்கும் புல்) வெட்டும் மாதங்களில் புல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போக, பின்னால் நாற்பது கார் ஊர்ந்துவரும். சாலையோரமாகவே வரிசையாக வீடு கட்டிக்கொள்வது அந்நாட்டுப் பழக்கம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டின் வாசலிலிருந்து காரை வலதுபக்கம் திருப்ப வேண்டுமென்றால், யாராவது மனம் இரங்கி நிறுத்தும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எதிர்ச்சாரியில் இருக்கும் பப்புக்கு நடந்துபோக முடியாமல் காரில் போனவர்களை எனக்குத் தெரியும்.

அந்த 57 கிலோமீட்டருக்கும் நீண்ட கதை உண்டு. பொருளாதாரம் செழித்திருந்த காலத்தில் போட்ட திட்டம். 2008இல் எல்லாம் சரிந்ததும் கிடப்பில் போய்விட்டது. டப்ளினிலிருந்து கால்வே, கார்க், லிமரிக், வாட்டர்ஃபோர்டு என்று தலைநகரிலிருந்து கிளம்பும் மோட்டார்வேக்களை 2010க்குள் முடித்துவிட்டார்கள். டப்ளினைத் தொடாமல் மேற்குக் கரையோரமாக ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைதான் நின்றுபோனது. மேற்கு அயர்லாந்துக்காரர்களுக்கு அது வெறும் சாலை தாமதமானதாகத் தெரியவில்லை. 'எங்களை எப்போது கணக்கில் எடுத்திருக்கிறார்கள்?' என்ற பழைய குறையோடு சேர்ந்துகொண்டது. 2014இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, அதன்பிறகே மண் வெட்ட ஆரம்பித்தார்கள்.

திறந்த மாதம் அமைந்த விதமும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் 3 அன்று கால்வே அணி 1988க்குப் பிறகு முதல்முறையாக அகில அயர்லாந்து ஹர்லிங் (மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு) கோப்பையை வென்றிருந்தது. கோர்ட்டும் ஆர்ட்ரஹனும் கிளாரின்பிரிட்ஜும் ஹர்லிங் மட்டையோடு பிறக்கும் ஊர்கள். வீடுகளில் கட்டிய, அணியின் நிறங்களான மரூன், வெள்ளைக் கொடிகளை யாரும் இறக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்துச் சாலை திறக்கிறது. அப்போதைய பிரதமர் லியோ வரத்கர் வந்து திறந்துவைத்தார். அந்த மாதம் கால்வேக்காரர்களோடு பேசியவர்களுக்குக் கோப்பை, சாலை இரண்டைத் தவிர வேறு பேச்சே கிடைத்திருக்காது.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதில்தான் உங்கள் கடைக்காரர் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஆர்ட்ரஹனிலும் கிளாரின்பிரிட்ஜிலும் தெரு திரும்பக் கிடைத்தது. கிளாரின்பிரிட்ஜ் சிப்பித் திருவிழாவுக்குப் பெயர்போன ஊர், 1954 முதல் நடக்கிறது. அங்கே சாப்பிடப் போகிறவர்கள் மோட்டார்வே வந்த பிறகும் போகத்தான் செய்கிறார்கள். அந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் அவர்கள், வழியில் சிக்கிக்கொண்டவர்கள் அல்ல. ஆனால் ட்யூவத்துக்கும் கால்வே நகருக்கும் நடுவே கிளேர்கால்வே என்று ஓர் ஊர் இருக்கிறது. நெரிசலுக்கு அந்த வட்டாரத்திலேயே பெயர்போனது அதுதான். புதிய சாலை அதையும் தவிர்த்துக் கிழக்கே போயிற்று. ஊரே நிம்மதியை எதிர்பார்த்தது. கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் காலையில் அங்கே வரிசை கட்டுகிறவர்களில் பலர் கால்வே நகருக்கே வேலைக்குப் போகிறவர்கள். நகரத்தைச் சுற்றிக்கொண்டு லிமரிக் போகும் சாலை அவர்களுக்கு எதற்கு? பழைய சாலையின் எண்ணை என் 17 என்பதிலிருந்து என் 83 ஆக மாற்றினார்கள். நெரிசல் மாறவில்லை.

ஆகவே ஒரு பைபாஸ் எதைத் தரும் என்று பார்க்க, ஊருக்குள் ஓடும் வண்டிகள் எங்கே போகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அடேரின் நிலைமை கிளேர்கால்வேயைப் போன்றதல்ல. உங்கள் ஊரிலிருந்தும் ஆபிஃபீலிலிருந்தும் கெர்ரி மாவட்டத்தின் பெரும்பகுதியிலிருந்தும் லிமரிக் பக்கம் போகும் வண்டி என் 21இல் அந்த ஒரே தெருவுக்குள்தான் நுழைந்தாக வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அடேரில் ஒரு டீகூடக் குடிப்பதில்லை. அந்த வண்டிகள் போய்விட்டால் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. அவர் கடைக்கு வர நினைக்கிறவர் நிறுத்த இடம் இல்லாமல் தாண்டிப் போவதுதான் இன்று அவருக்கு நஷ்டம். ஓலைக்கூரை வீடுகளைப் பார்க்க வரும் பஸ்கள் மோட்டார்வே வந்தாலும் உள்ளே திரும்பத்தான் போகின்றன.

எல்லா ஊருக்கும் இந்த யோகம் கிடையாது. வெறும் வழித்தங்கல் ஊராக இருந்தவை அடிவாங்கின. பெட்ரோல் பங்க், சாண்ட்விச் கடை, சாலையோர ஹோட்டல் என்று முழுக்க முழுக்கப் போகிறவர்களை நம்பியவர்களுக்கு மோட்டார்வே திறக்கும் நாள் கொண்டாட்டமாக இருக்கவே முடியாது. டப்ளின்–கார்க் பாதையில் இருந்த டரோவையும் அபிலீக்ஸையும் 2010 மே மாதம் எம் 7, எம் 8 சாலைகள் தாண்டிப் போயின. டரோ ஊர்க்காரர்கள் அந்தக் காலகட்டத்தில் சோளக்கொல்லைப் பொம்மைத் திருவிழா ஒன்றை ஆரம்பித்து, கோடையில் ஊர் முழுக்கப் பொம்மைகளை நிறுத்தி வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வண்டி தானாக வந்து நிற்கும் காலம் முடிந்துவிட்டது, இனி நாமே வரவழைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களின் வேலை அது.

மனிகால் கதை இன்னும் வேடிக்கை. முந்நூறு பேர் சுமாருக்கு வசிக்கும் ஊர். லிமரிக் போகும் எம் 7 அதை ஒதுக்கிவிட்டுப் போனது 2010 கடைசியில். அடுத்த மே மாதம் பராக் ஒபாமா ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். அவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர் 1850இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். 2014இல் மோட்டார்வேயின் 23ஆம் சந்திப்பில் ஒபாமா பெயரிலேயே ஒரு பெரிய வாகன நிறுத்தமும் உணவகமும் வந்தன. இன்று அந்தப் பாதையில் போகிறவர்கள் பாதிப்பேர் கழிப்பறைக்கு நிற்பது அங்கேதான். ஊர்த்தெரு அதே அமைதியில் இருக்கிறது, வியாபாரம் சந்திப்புக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எல்லா ஊருக்கும் ஓர் ஒபாமா கிடைப்பாரா, சொல்லுங்கள்.

சுங்கம் இருக்கிறதா என்பதும் முக்கியம். கார்க் போகும் எம் 8இல் ஃபெர்மாய் ஊரைத் தவிர்க்கும் பகுதிக்குக் கட்டணம் உண்டு. அதை மிச்சம் பிடிக்க நினைக்கும் லாரிகள் ஊருக்குள்ளேயே போகின்றன. நீங்கள் லிமரிக்கில் பார்க்கும் ஷானன் ஆற்றுச் சுரங்கப்பாதையில் இன்னொரு கூத்து. எதிர்பார்த்த அளவு வண்டி வராவிட்டால் அந்தக் குறையைச் சுரங்கப்பாதையை நடத்தும் நிறுவனத்துக்கு அரசே ஈடுகட்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அப்படிப் பல ஆண்டுகள் கட்டியும் வந்தார்கள். கோர்ட்–ட்யூவம் சாலையில் ஓட்டுகிறவர் காசு கொடுப்பதில்லை, அரசு தவணையாகக் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் கிராமத்துத் தெருவைக் காப்பாற்ற நினைக்கிற அரசு அந்தச் சாலையில் சுங்கச்சாவடி வைக்கவே கூடாது.

கோல்ஃப் விஷயம். ரைடர் கோப்பை என்ற கோல்ஃப் போட்டி 2027 செப்டம்பரில், அடேரிலுள்ள அடேர் மேனர் ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில் நடக்கிறது. அதற்குள் பைபாஸைத் திறக்க வேண்டும் என்பதற்காக ஃபாய்ன்ஸ் துறைமுகம் வரை போகும் பெரிய திட்டத்திலிருந்து அடேர் பகுதியை முன்னால் எடுத்துக்கொண்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை. உலகத் தொலைக்காட்சி வருகிறது என்றதும் அரசுக்கு வேகம் வந்தது. கெர்ரிக்காரர்களும் மேற்கு லிமரிக்காரர்களும் வருஷக்கணக்காகக் கேட்டும் வராத வேகம். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் திட்டமே கோல்ஃபுக்காகப் பிறந்தது என்பது சரியில்லை. ஃபாய்ன்ஸ்–லிமரிக் சாலைக்கு 2022இல் அனுமதி கிடைத்தபோது துறைமுகமும் அதில் சம காரணம். கோல்ஃப் வரிசையை மாற்றியது, அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பு என்றதும் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாக எண்ண வேண்டாம். உங்கள் பகுதி பால்பண்ணை நிலம். கறவை மாட்டை ஒரு நாளுக்கு இரண்டு தடவை கொட்டகைக்கு ஓட்டிவர வேண்டும். கொட்டகைக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே மோட்டார்வே விழுந்தால் அந்தப் பண்ணை இரண்டு துண்டு. சில இடங்களில் மாடு போக அடியில் பாதை கட்டித் தருகிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நிலத்தைக் கட்டாயமாக எடுத்துப் பணம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று அரசு நினைக்கும், அந்த வீட்டில் அப்படி முடிவதில்லை. டிரோன் வீடியோவைப் பார்க்கச் சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொரு வகை எதிர்ப்பும் அந்நாட்டுக்கே உரியது. கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் எம் 18 பாதைக்குக் குறுக்கே ஒரு முட்புதர் நின்றது. தேவதைகள் கூடும் இடம், வெட்டினால் சாலையில் விபத்துகள் நடக்கும் என்று 1999இல் எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பிரசாரம் செய்தார். பொறியாளர்கள் புதரை விட்டுவைத்து வேலி போட்டுச் சாலையை அமைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர் ரம்பத்தோடு வந்து கிளைகளை வெட்டிவிட்டுப் போனார், அது மறுபடி துளிர்த்தது. அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பாருங்கள், இன்றும் இருக்கிறது.

உங்கள் பயணம் எவ்வளவு குறையும் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அடேரில் நிற்க வேண்டியிருக்காது. ஆனால் அட்டிஃப்ளின் தாண்டி லிமரிக்கின் ரவுண்டானாக்கள் அதே இடத்தில்தான் இருக்கும், காலை எட்டு மணிக்கு முன்பைவிடச் சீக்கிரமாக அங்கே போய் வரிசையில் நிற்பீர்கள். இதற்காக ஏமாற்றம் கொள்ள வேண்டாம்.

திறப்பதற்கு முன்னால் உள்ளூரில் நிதி திரட்ட நடையோ ஓட்டமோ வைத்தால் தவறவிடாதீர்கள். வண்டி இல்லாத மோட்டார்வேயில் நடப்பது வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பாலம் பாலமாக நிறுத்தி விளக்குவார், நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் கணவர் விஷயம். ஓட்டக் கூடாது. அயர்லாந்தில் லேர்னர் பெர்மிட்காரர், சைக்கிள், நடப்பவர் யாருக்கும் மோட்டார்வேயில் அனுமதி இல்லை. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தாலும் கிடையாது. லைசென்ஸ் கைக்கு வரும் வரை அவர் பழைய வழியே அடேர் ஊருக்குள்தான் ஓட்ட வேண்டும். அன்றைக்கு அது இப்போதுள்ளதைவிட எவ்வளவோ காலியாக இருக்கும், பழகுவதற்கு நல்ல தெரு. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.