‘மனந்திரும்பிவிட்டேன்’ என்று வருகிறவரை நம்பிவிட வேண்டுமா?

கேள்வி: குடித்துச் சீரழிந்த ஒருவர் ‘மனந்திரும்பிவிட்டேன்’ என்று வந்தால் கிறிஸ்தவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? ‘மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்றால் தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவதா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பாவின் தம்பி குடியில் விழுந்து, ஆச்சியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தார். அது மூழ்கியே போனது. ஊரை விட்டுப் போனவர் மூன்று வருடம் கழித்து, குடியை விட்டுவிட்டதாகச் சொல்லி வாசலில் வந்து நின்றார். ஆச்சி சோறு போட்டாள். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன். அப்பாவிடம் பேசும்போதுகூட “உங்க தம்பி” என்றுதான் சொல்வேன்.

அந்த வருடம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) பண்டிகை என்றால் அசனம். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து சமைத்து, வடித்த சோற்றை ஓலைப்பாயில் குவித்து வைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் வரிசைக்குச் சோற்று வாளியோடு வந்தவர் சித்தப்பா. கை லேசாக நடுங்கியது. ஒரு பருக்கைகூட இலைக்கு வெளியே சிந்திவிடாமல் குனிந்து குனிந்து போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மூன்று இலை தள்ளி அவர் நிற்கும்போதே நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் ஆச்சி கேட்டாள்: “சங்கிலி என்னுதுல்லா? நானே விட்டுட்டேன். ஒனக்கு என்னல கோவம்?”

பைபிளில் லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் கதையை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். சொத்தில் பங்கை வாங்கிப்போய் அழித்து, பன்றி மேய்த்து, அது தின்னும் தவிட்டுக்கு ஏங்கிய இளைய மகன் திரும்பி வந்ததும் தகப்பன் விருந்து வைக்கிறார். மூத்த மகனுக்கு அது பொறுக்கவில்லை. பன்றியும் தவிடும்தான் மனதில் நிற்கும். அன்று ராத்திரிதான் மூத்தவன் பகுதி எனக்கு உறைத்தது. விருந்துச் சத்தம் கேட்டும் அவன் ‘உள்ளே போக மனதில்லாதிருந்தான்’. தகப்பனிடம் பேசும்போது ‘என் தம்பி’ என்று அவன் வாயில் வரவில்லை, ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்கிறான். தகப்பனோ ‘உன் சகோதரனாகிய இவனோ மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்’ என்று அந்த உறவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவுதான் கிருபை என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அது எனக்குக் கிடைத்தபோது ஸ்தோத்திரம் சொன்னேன், சித்தப்பாவுக்குக் கிடைத்தபோது கணக்குக் கேட்டேன். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார்.

சரி, தவறைக் கண்டுகொள்ளக் கூடாதா? ‘தீர்க்காதிருங்கள்’ என்ற வசனம் வரும் மத்தேயு 7-ஐக் கொஞ்சம் தள்ளிப் படித்தால் பதில் இருக்கிறது. முதலில் உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பையும் எடுக்கத்தான் வேண்டும். அடிக்கிற கணவனிடம் ‘மன்னித்துப் போ’ என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப அந்தத் ‘தீர்க்காதிருங்கள்’ வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. அவளுடைய பாதுகாப்புதான் முதலில். மன்னிப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு.

நாங்களும் சித்தப்பாவிடம் பணம் கொடுத்து வைப்பதில்லை. அதைக் கேட்டுக்கொண்டவரே அவர்தான். “அண்ணே, கூலியை நீங்களே வாங்கி வச்சுக்கிடுங்க, என் கையில தராதீங்க” என்று அப்பாவிடம் சொன்னார். அதிலிருந்து மாதம் 500 ரூபாய் ஆச்சிக்குப் போகும். யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவிடம் சொன்னது இந்த ரகம்தான். மனந்திரும்பியதற்கு அடையாளம் கேட்டால் அழுகையைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்.

நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம் சித்தப்பா மறுபடி குடித்தார். “பார்த்தீங்களா?” என்று நான்தான் முதலில் சொன்னேன். அப்புறம் ஒருநாள் ஜான் நியூட்டனைப் பற்றிப் படித்தேன். அமேசிங் கிரேஸ் பாட்டை எழுதியவர். 1748-இல் கடலில் புயலில் சிக்கியபோதுதான் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பலுக்கே கேப்டனாக இருந்தார். 1754-இல் உடம்புக்கு முடியாமல் போனபோதுதான் அந்தத் தொழிலை விட்டார். அந்த வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் அறிக்கையிட்டுப் புத்தகம் எழுதியது 1788-இல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருடம்! அவர் கப்பலில் விலங்கோடு கிடந்தவர்களுக்கு அந்தத் தாமதம் என்ன விலை என்பதையும் மறக்க முடியாது. அதனால் ‘மெதுவாகத் திருந்தட்டும்’ என்று லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருவர் கதையை நடுவில் நிறுத்தி ‘இவர் இவ்வளவுதான்’ என்று தீர்ப்பு எழுதவும் இப்போது கை வருவதில்லை.

சித்தப்பா மறுபடி குடித்த அந்த வாரமே ஐயரிடம் (எங்கள் கோயில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) போய்த் தானாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நாலு வருடமாகக் குடிக்கவில்லை.

போன அசனத்தில் அவர் பரிமாறும் வரிசையாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்தவர் தயங்கி நின்றார். “போடட்டுமா?” என்றார்.

“போடுங்க சித்தப்பா” என்றேன்.