பாக்கெட்டில் வந்ததை வைத்து டெக் கட்டினால் கடன்தான் மிஞ்சும்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், வயது 29. சிபிஎஃப் சேமநிதி போக மாதம் 2,900 வெள்ளி கைக்கு வருகிறது. போக்கிமான் கார்டு விளையாட்டு ஆடுகிறேன். சனிக்கிழமை கடைப் போட்டிகளுக்குத் தவறாமல் போவேன். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புது செட் (கார்டுத் தொகுப்பு) வரும்போது, உள்ளே என்ன கார்டு என்று தெரியாத பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்று 220 வெள்ளிக்கு, இடையிடையே சில்லறைப் பாக்கெட்டுகள் என்று மாதக் கணக்கில் 200 வெள்ளி ஆகிவிடுகிறது. எல்லாம் கடன் அட்டையில்தான். பாக்கி 6,800 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். டிராகாபல்ட் இஎக்ஸ் என்ற வலிய போக்கிமானை வைத்து டெக் (ஆட எடுத்துப்போகும் 60 கார்டுக் கட்டு) கட்ட ஆசை. கடையில் தனிக் கார்டாக 6 வெள்ளி சொல்கிறார்கள். நானாக எடுக்கலாம் என்று அந்தச் செட்டில் மூன்று பெட்டி பிரித்தும் ஒன்றுகூட வரவில்லை. விலை கூடிய கார்டுகள் இருந்தும், கையில் இருப்பதை வைத்துக் கட்டிய டெக் தோற்றுக்கொண்டே இருக்கிறது. பிரிக்காத பெட்டி நான்கு வைத்திருக்கிறேன். ரோபோ முதலீட்டுச் செயலிக்கு மாதம் 150 வெள்ளி தானாகப் போகிறது. இதற்கிடையில் அத்தான், என் பெயரில் 10,000 வெள்ளி தனிநபர் கடன் எடுத்தால் இருவரும் சேர்ந்து பெட்டிகளாக வாங்கித் தன் வீட்டில் வைக்கலாம், ஓராண்டில் இரட்டிப்பாகும் என்கிறார். இப்போதைய டெக்கின் பட்டியலையும் கடை விலைகளையும் இணைத்திருக்கிறேன். நான் எந்த டெக்கைக் கட்டுவது? கடனை எப்படி அடைப்பது? விற்காமல் உறையில் போட்டு வைத்திருக்கும் சாரிஸார்ட் கார்டைத் தரமிட (நிலையைச் சோதித்து மதிப்பெண் பெற) அனுப்பலாமா?

பதில்: டெக், கடன் என்று முக்கியமாக இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே பழக்கம்தான். டெக்கை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, பாக்கெட் தேர்ந்தெடுக்கிறது. அதனால் மேசையில் தோற்கிறீர்கள். அதே காரணத்தால் வங்கிக்கும் கட்டுகிறீர்கள்.

முதலில் வங்கிக் கணக்கு. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 28 விழுக்காடு வட்டி என்றால் மாதத்துக்குச் சுமார் 2.33. உங்கள் 6,800-க்கு மாத வட்டி 159 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 204 வெள்ளி. அசலில் கழிவது வெறும் 45. அதன்மேல் புதிதாக 200 வெள்ளிக்குப் பாக்கெட் வாங்குகிறீர்கள். ஆக, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைக்கும்போதே கடன் மாதம் 155 வெள்ளி ஏறுகிறது. பாக்கியை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாள்களும் கிடையாது; நீங்கள் இன்று வாங்கும் பாக்கெட்டுக்கு இன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இனி பெட்டிக் கணக்கு. பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 கார்டு. அந்தப் பத்தில் நான்கு காமன் (மிகச் சாதாரணம்), மூன்று அன்காமன் (அதற்கு அடுத்த நிலை). பெட்டி முழுவதும் சேர்த்தால் 360-க்கு 252 இந்த ரகம். டிராகாபல்ட் போன்ற வலிய இஎக்ஸ் ரகக் கார்டுகள் பெட்டிக்கு ஆறு வருகிறது என்றும், செட்டில் பதினைந்து விதமான இஎக்ஸ் இருக்கிறது என்றும் தோராயமாக வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடும் ஒரு குறிப்பிட்ட கார்டு பெட்டிக்கு சராசரி 0.4 தான். மூன்று டிராகாபல்ட் வேண்டுமென்றால் ஏழெட்டுப் பெட்டி, அதாவது 1,600 வெள்ளிக்கு மேல். தனிக் கார்டாக வாங்கினால் மூன்றும் 18 வெள்ளி. இந்த 18-ஐ விட்டுவிட்டு மூன்று பெட்டிக்கு 660 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள். 4டி லாட்டரி எடுப்பவராவது பரிசு விழாவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். நீங்கள் 252 கார்டையும் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

‘மீதிக் கார்டுகளை விற்கலாமே’ என்பீர்கள். காமன் கார்டுகளைக் கடைக்காரர் மொத்தமாகச் சில காசுக்குத்தான் எடுப்பார். விலை போகும் கார்டு ஒன்றிரண்டு வந்தால் நீங்கள் அதை விற்பதில்லை, உறையில் போட்டு வைத்துக்கொள்கிறீர்கள். சாரிஸார்டைப் பற்றி நீங்களே எழுதியிருப்பதுதான் இது.

இந்தப் பழக்கம் டெக்கை எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய 60 கார்டு பட்டியலில் முக்கியமான ஏழு கார்டுகள் ஒவ்வொன்றாகத்தான் இருக்கின்றன. காரணம், பாக்கெட்டில் ஒன்றுதான் வந்தது. ஒரே பிரதி இருக்கும் கார்டு, தொடக்கத்தில் எடுக்கும் ஏழு கார்டுக்குள் வரும் வாய்ப்பு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. அது தொடக்கத்தில் கவிழ்த்து ஒதுக்கி வைக்கும் ஆறு பரிசு கார்டுக்குள் போய்ச் சிக்கும் வாய்ப்பு 10 விழுக்காடு. நான்கு பிரதி வைத்தால் தொடக்கக் கையில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 40. விதி நான்கு வரை அனுமதிப்பதைப் பயன்படுத்தாமல் ஆடினால், ஒவ்வொரு ஆட்டமும் வேறு டெக்கை வைத்து ஆடுவதுபோல் ஆகிவிடும். எதனால் தோற்றோம் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. உங்கள் டெக்கில் பேசிக் போக்கிமான், அதாவது நேரடியாக மேசையில் இறக்கக்கூடியவை, எட்டுதான். கையில் ஒன்றாவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. முதல் ஏழு கார்டில் ஒரு பேசிக்கூட வராமல் போக 35 விழுக்காடு வாய்ப்பு. மூன்று ஆட்டத்தில் ஒன்றில் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பேசிக்கைப் பன்னிரண்டாக்கினால் இது 19-க்கு இறங்கும். இதற்குப் புதுப் பெட்டி எதுவும் தேவையில்லை.

டிராகாபல்ட் நல்ல தேர்வுதான். 2024-ல் வந்த ட்வைலைட் மாஸ்குரேட் செட்டின் கார்டு. ஒரே தாக்குதலில் எதிரே முன்னால் நிற்கும் போக்கிமானுக்கு 200 புள்ளி சேதம், பெஞ்சில் (பின்வரிசையில்) இருப்பவைமேல் தலா 10 புள்ளி கொண்ட ஆறு சேதக் கவுண்டர்களை விருப்பப்படி பிரித்துப் போடலாம். எதிராளியின் பெஞ்சில் 60 எச்பி (உயிர்ப் புள்ளி) அல்லது அதற்குக் கீழே எது நின்றாலும் அதற்கும் ஆபத்து. ஆனால் இந்த டெக் ஓடுவது அந்த 6 வெள்ளிக் கார்டால் அல்ல, ட்ரீப்பி டிராகாபல்டாக வளரும் வழியில் நடு நிலையான ட்ராக்லோக்கால். ஒவ்வொரு ட்ராக்லோக்கும் ஆட்டக்காரரின் முறைதோறும் கட்டின் மேலிருக்கும் இரண்டு கார்டைப் பார்த்து, ஒன்றைக் கைக்கு எடுத்து மற்றதை அடியில் வைக்க விடுகிறது. மேசையில் இரண்டு ட்ராக்லோக் இருந்தால் கை வறளாது. அதனால் ட்ரீப்பி நான்கு, ட்ராக்லோக் நான்கு, டிராகாபல்ட் மூன்று என்று வையுங்கள். முதல் இரண்டும் சில்லறை விலைக்குக் கிடைக்கும். 70 எச்பி வரையுள்ள பேசிக்கைத் தேடித் தரும் கார்டு பட்டி-பட்டி பாஃபின்; ட்ரீப்பிக்கு 70 எச்பி என்பதால் அது ஒன்றில் இரண்டு ட்ரீப்பியை நேரே பெஞ்சுக்குக் கொண்டுவந்துவிடலாம். அது நான்கும் வேண்டும். போக்கிமானைத் தேடி எடுக்கும் அல்ட்ரா பால் நான்கு. தாக்குதலுக்கு எனர்ஜி கார்டுகளில் நெருப்பு ஒன்று, சைக்கிக் ஒன்று தேவை. உங்கள் பட்டியலில் இருக்கும் பதின்மூன்று எனர்ஜி இந்த டெக்குக்கு அதிகம். ஏழெட்டுப் போதும், எனர்ஜியைத் தேடி எடுத்துக் கொடுக்க கிரிஸ்பின் கார்டு இருக்கிறது. மிச்ச இடத்தில் புதுக் கார்டு எடுக்க உதவும் சப்போர்ட்டர் கார்டுகள், எதிராளியின் பெஞ்சிலிருந்து ஒன்றை முன்னால் இழுக்கும் பாஸஸ் ஆர்டர்ஸ் இரண்டு மூன்று, வீழ்ந்ததை மீட்க நைட் ஸ்ட்ரெச்சர், ஏஸ் ஸ்பெக் என்ற மிக வலிய ரகத்தில் ஒரே ஒரு கார்டு. டெக்குக்கு ஏஸ் ஸ்பெக் ஒன்றுதான் அனுமதி.

டிரெய்னர் கார்டுகளில் (போக்கிமானும் எனர்ஜியும் அல்லாத உதவிக் கார்டுகள்) பாதி உங்களிடமே கிடக்கிறது. குறைவதை நீங்கள் எழுதிய கடை விலையிலேயே கூட்டிப் பார்த்தேன், 80 வெள்ளியைத் தாண்டவில்லை. போக்கிமான் நிறுவனமே 2025-ல் டிராகாபல்ட் இஎக்ஸை வைத்து ஆடத் தயாரான லீக் பேட்டில் டெக் வெளியிட்டது. அது நியாய விலைக்குக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு, குறையும் பிரதிகளை மட்டும் தனியாகச் சேர்க்கலாம். எது மலிவோ அது.

வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. போக்கிமான் டிசிஜி லைவ் செயலி இலவசம். பாக்கெட்டுக்குள் வரும் குறியீட்டுக் கார்டுகளை நீங்கள் குப்பையில் போடாமல் அதில் பதிந்தால் நிறையக் கார்டு சேரும். அங்கே இந்த டெக்கைக் கட்டி முப்பது ஆட்டம் ஆடுங்கள். தோற்கும்போதெல்லாம் காரணத்தை ஒரு வரியில் குறியுங்கள்: பேசிக் வரவில்லை, எனர்ஜி நிறம் மாறி வந்தது, இரண்டாம் முறைக்குள் ட்ராக்லோக் இறங்கவில்லை, இப்படி. ஒரே காரணம் ஐந்து தடவை வந்தால் இரண்டு கார்டை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் எட்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முப்பதும் முடிந்த பிறகும் இந்த ஆட்ட முறை பிடித்திருந்தால்தான் கடைக்குப் போக வேண்டும். போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற கைப்பேசி விளையாட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 20 கார்டு டெக், வேறு விதிகள். அங்கே செலவழிக்கும் காசு சனிக்கிழமை மேசைக்கு வராது.

விலை கூடிய கார்டு வலிமையான கார்டு என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 2023-ல் வந்த அப்சிடியன் ஃபிளேம்ஸ் செட்டில் சாரிஸார்ட் இஎக்ஸ் 125-ஆம் எண்ணிலும் இருக்கிறது, 223-ஆம் எண்ணிலும் இருக்கிறது. விலையில் பல மடங்கு வித்தியாசம். தாக்கும் வலிமையில் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. படம்தான் வேறு. 2024-ல் ஹொனலுலுவில் நடந்த உலகப் போட்டியில் சிலியைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ் வென்றது அயர்ன் தார்ன்ஸ் இஎக்ஸ் டெக்கால். கார்டு சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்ளும் கார்டு அல்ல அது. முன்னால் நிற்கும்வரை, இஎக்ஸ் போன்ற பெரிய போக்கிமான்களில் பெரும்பாலானவற்றின் திறன்களை அது முடக்கும். அந்தச் சமயத்தில் மற்றவர்கள் எதை நம்பி ஆடினார்களோ அதையே அடித்தது. சனிக்கிழமை உங்கள் கடைக்கு யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று நான்கு வாரம் குறித்து வையுங்கள். அந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பு ஒரு பெட்டிக்கு இல்லை.

எந்தக் காலத்துக் கார்டு என்று காட்ட, கார்டின் கீழ் இடது ஓரத்தில் ஓர் எழுத்து இருக்குமே, அதைப் பார்த்து வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை மிகப் பழைய எழுத்துள்ள கார்டுகள் ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான போட்டி முறையிலிருந்து விலகும். 2025 ஏப்ரல் 11-இல் எஃப் விலகியது. டிராகாபல்டின் எச் எழுத்துக்கும் ஒருநாள் இதே கதிதான். ஆகவே இந்த 80 வெள்ளியைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள், பொழுதுபோக்குச் செலவு என்று எழுதுங்கள். தாக்கும் போக்கிமான் போனாலும் அல்ட்ரா பால் போன்ற டிரெய்னர்கள் அடிக்கடி மறுபதிப்பாகும், அப்போது உங்கள் பழைய பிரதியும் செல்லும். பணத்தை முதலில் அவற்றில் போடுவது நல்லது.

இப்போது அத்தான். கடன் உங்கள் பெயரில், பெட்டி அவர் வீட்டில், லாபம் இருவருக்கும்! இந்த ஏற்பாட்டில் நட்டம் யாருக்கு என்று சொல்லவே வேண்டாம். பிரிக்காத பெட்டியை ‘மாற்று முதலீடு’ என்று காணொளியில் கூவுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: அச்சகம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் ப்ரிஸ்மாட்டிக் எவலூஷன்ஸ் வந்தபோது தட்டுப்பாட்டில் விலை எகிறியது. பிறகு மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். அப்படி அச்சிடும்போது உச்சத்தில் வாங்கியவர் மாட்டிக்கொள்ளலாம். கேரோசெல் இணையச் சந்தையில் பார்க்கும் விலை கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. 10,000 வெள்ளிக்கு 45 பெட்டி வரும். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ள எத்தனை மாதமாகும்? ஒவ்வொரு மாதமும் தவணை மட்டும் தவறாமல் வரும். “அத்தான், என் பேர்ல ஏற்கெனவே கடன் இருக்கு, அது முடியிறவரைக்கும் வேற எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். பாக்கி 6,800 என்பதை அக்காவிடம் நீங்களே முதலில் சொல்வது உத்தமம். அதன்பிறகு இந்தப் பேச்சு மறுபடி எழாது.

அடைப்பதற்கான வழி: நான்கு பெட்டியையும் தலா 200 வெள்ளிக்குத் தள்ளினால்கூட 800 வரும். விலை ஏறும் என்று காத்திருக்காதீர்கள். 28 விழுக்காடு கடன் வைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டி வைப்பதும் கடன் வாங்கிப் பெட்டி வாங்குவதும் ஒன்றுதான். பாக்கி 6,000 ஆகும். அதை வேறு வங்கியின் 12 மாத வட்டியில்லா நிலுவை மாற்றத்துக்கு (ஓர் அட்டையின் பாக்கியை வேறு வங்கிக்கு மாற்றும் சலுகை) நகர்த்துங்கள். 3 விழுக்காடு கட்டணம் என்றால் 180 வெள்ளி. மொத்தம் 6,180, மாதம் 515. வட்டியில்லை என்று விளம்பரம் செய்தாலும், அசல் குறைந்துகொண்டே வருவதால் இதன் உண்மை விகிதம் ஐந்தரை விழுக்காட்டை ஒட்டி வரும். இந்த உண்மை விகிதத்தைத்தான் விளம்பரத்தில் பொடி எழுத்தில் ஈஐஆர் என்று போட்டிருப்பார்கள், அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாதம் 515 எங்கிருந்து வரும்? இப்போது கட்டும் 204, பாக்கெட்டுக்குப் போகும் 200, செயலிக்குப் போகும் 150, மொத்தம் 554. ரோபோ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் உங்கள் கடன் அட்டையின் 28 விழுக்காட்டைத் தாண்டி ஈட்டித் தராது. ஓராண்டுக்கு அதை நிறுத்துங்கள். மிஞ்சும் 39 வெள்ளிதான் உங்கள் கார்டுச் செலவு. டெக்குக்கான 80 வெள்ளி அதிலிருந்தே ஏறக்குறைய இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும், ரொக்கமாக. புது வங்கி தரும் அட்டையில் ஒரு பாக்கெட்கூட வாங்கக் கூடாது, அந்தச் செலவுக்கு வழக்கமான வட்டி விழும். குறைந்தபட்சத் தொகைக்கு கைரோ (வங்கியிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) போட்டுவிட்டு மீதியைச் சம்பள நாளன்றே நீங்களாகக் கட்டுங்கள். ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் 100 வெள்ளி வரை போகும், சலுகையும் பறிபோகலாம்.

கடைசியாக, உறையில் போட்டிருக்கும் சாரிஸார்டைத் தரமிட அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறையிலிருந்து எடுத்து, மேசை விளக்கின் கீழ்ச் சாய்த்து, பின்பக்கத்து நீல ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக உரசல் தெரிந்தால் தரமிடும் கட்டணம் பெரும்பாலும் வீண். அப்படியே விற்றுப் பாக்கியில் கட்டுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் வில்போல் வளைந்த மினுக்குக் கார்டை டெக்கில் வைக்காதீர்கள். கலைக்கும்போது அது மட்டும் தனியாகத் தெரியும், அடையாளமிட்ட கார்டு என்று நடுவர் தண்டனை கொடுக்கலாம். மினுக்கு இல்லாத பதிப்பு இருந்தால் அதை வாங்குங்கள், அது பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும். டெக் கார்டுகளுக்குப் போடும் உறைகளின் பின்பக்கம் ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், அறுபது உறையையும் ஒரே கட்டிலிருந்து எடுங்கள்.