“நச்சுப் பாசி என்று நான் சொல்லவே இல்லை!”

கேள்வி: மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி விஞ்ஞானியாக இருக்கிறேன். கடந்த செப்டம்பரில் எங்கள் ஊர்க் கடல் பச்சையானது. தண்ணீர் எடுத்துப் பார்த்தால் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். போனில் கேட்ட நிருபரிடம், “இது தீங்கு விளைவிக்கும் பாசிப் பெருக்க வகை” என்றேன். மறுநாள் ‘கடலில் நச்சுப் பாசி, மீன் சாப்பிடலாமா?’ என்று செய்தி. ஒரு வாரம் மீன் விலைபோகவில்லை. கூடையில் மீன் விற்கும் என் பெரியம்மா, “வயித்துல அடிச்சிட்டியே” என்று சொன்னதோடு பேச்சை நிறுத்திவிட்டார். துறைத் தலைவரோ இனி வாயே திறக்கக் கூடாது என்கிறார். நான் சொன்னது பொய்யில்லையே? இனி பேசாமல் இருப்பதுதான் சரியா?
- பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பேசாமல் இருப்பது சரியில்லை. ஆனால் நீங்கள் பேசியதிலும் ஒரு குறை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘தீங்கு விளைவிக்கும் பாசிப் பெருக்கம்’ என்பது நம் துறைக்குள் புழங்கும் பெயர். சாப்பிடுகிறவரைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கிற பாசிக்கும் அதே பெயர், நஞ்சே இல்லாமல் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்று மீனை மூச்சுத் திணற வைக்கிற உயிருக்கும் அதே பெயர். நமக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ‘தீங்கு’ என்ற சொல் நிருபரின் காதில் விழுந்தால் அவர் அடுத்து எழுதப்போவது ‘நஞ்சு’தான், அதைப் படிக்கிற குடும்பத் தலைவி அன்றைக்கு மீன் வாங்க மாட்டார். நீங்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னீர்கள். மீதிப் பாதியை அவரவர் தங்கள் பயத்தை வைத்து நிரப்பிக்கொண்டார்கள்.

நாக்டிலூகாவுக்கு மனிதரை நோயாக்கும் நஞ்சு இருப்பதாகத் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்கள் பக்கத்து மீனவர்கள் ‘பூங்கோரை’ என்று சொல்வார்களே, அதுதான் இது. சின்னஞ்சிறு ஜவ்வரிசி மாதிரி, உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். பச்சை நிறம்கூட அதனுடையதில்லை, உள்ளே குடியிருக்கும் இன்னொரு நுண்பாசியின் நிறம். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக மின்னுகிறது என்று ராத்திரியில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்களே, அதுவும் நாக்டிலூகாதான். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருகி அழுகியபோது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, மண்டபம் பக்கத்துத் தீவுகளில் பவளப்பாறைகளும் அடிவாங்கின. நீந்தித் தப்பிக்கிற மீன் தப்பித்துவிடும், பவளம் எங்கே போகும்?

அதனால் நாக்டிலூகாவைப் பார்த்தால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இது விஷப் பாசி இல்லை, வெளியே பிடித்து உயிரோடு வந்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம், செத்து ஒதுங்கிய மீனைப் பொறுக்க வேண்டாம், கூண்டில் மீன் வளர்ப்பவர்கள் மட்டும் உடனே கவனிக்க வேண்டும். இதில் மூன்று வாக்கியம் நிருபரிடம் போயிருந்தால் உங்கள் பெரியம்மாவின் கூடை காலியாகியிருக்கும்.

சரி, அப்படியானால் எப்போதும் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கடல் விரால் கூண்டு போட்டிருந்த ஒருவர் தண்ணீர் நிறம் மாறியதும் என்னைக் கேட்டார். நான் மத்தியான நேரத்தில் மாதிரி எடுத்தேன். ஆக்சிஜன் நன்றாகவே இருந்தது. விஷமில்லாத வகைதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடியலுக்கு முன்புதான் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற நான், அந்த நேரத்தில் போய் அளக்கவில்லை. இரண்டாம் நாள் விடிகாலையில் கூண்டு மீன் மிதந்தது. முன்பே தெரிந்திருந்தால் தீனியை நிறுத்தியிருப்பார், இருந்ததை அறுவடை செய்து விற்றிருப்பார். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பேசாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கரையிலேயே கதை இருக்கிறது. 1981-ல் கல்பாக்கம் பக்கத்து வயலூரில் மட்டி சாப்பிட்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை, பாசியின் நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். வாத நஞ்சு என்கிறோமே, உடலை மரத்துச் செயலிழக்க வைப்பது, அது சமைத்தாலும் போகாது. சுவை மாறாது, நாற்றம் வராது. சில சமயம் கடலின் நிறம்கூட மாறியிருக்காது! பச்சைக் கடலைப் பார்த்து ஊரே நடுங்குகிறது, இது தெளிந்த தண்ணீரில் வந்துவிட்டுப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து உட்கார உங்களைப் போல ஒருவர் வேண்டும், கண்டதைச் சொல்ல அவருக்கு வாயும் வேண்டும்.

சொல் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு உடனே ஞாபகம் வருவது அமெரிக்காவின் டொலிடோ நகரம். 2014 ஆகஸ்ட் 2, ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் வந்துவிட்டது, சுமார் நான்கு லட்சம் பேருக்குக் குடிக்க வேண்டாம் என்று அறிவிப்பு. அதோடு நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எந்த வீட்டிலும் செய்வதுதான், கொதிக்க வைத்திருப்பார்கள். கொதித்தால் அந்த நஞ்சு அழியாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் ‘கொதிக்க வைக்காதீர்கள்’ என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. படிக்கிறவர் அடுத்த நிமிடம் அடுப்படியில் என்ன செய்வார் என்று யோசித்து எழுதியது அது.

இப்போது உங்கள் துறைத் தலைவர். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, போனில் தனியாகப் பேசியது உங்களுக்கே பாதுகாப்பில்லை. அதனால் அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு பக்கத் தாளோடு போங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எந்த உயிரினம், ஒரு லிட்டருக்கு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, எத்தனை மணிக்கு அளந்தது, நஞ்சுச் சோதனை செய்தாயிற்றா இல்லையா, எதைச் சாப்பிடலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும். இவற்றை நிரப்ப இடம் விட்டு இப்போதே தயார் செய்து, அவர் கையெழுத்தோடு வெளியே போகட்டும் என்று கேளுங்கள். முதல் பிரதி மீன்வளத் துறைக்கும் மீனவர் சங்கத்துக்கும். நிருபருக்கு அப்புறம்தான், அதுவும் அதே தாள். இன்னொன்று, நிறம் மாறியது செய்தியாக வருகிறது, தெளிந்தது வருவதே இல்லை. ‘தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆக்சிஜன் பழைய அளவுக்கு வந்துவிட்டது’ என்ற இரண்டாவது தாளையும் நீங்களே அனுப்புங்கள். மீன் விலை திரும்ப ஏறுவதற்கு அதுதான் உதவும்.

பெரியம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்காதீர்கள். நேரில் போங்கள். ஏலம் முடிந்து அவர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு மாதிரி பாட்டிலும் ஆக்சிஜன் பார்க்கிற மருந்தும் எடுத்துப் போங்கள். ஒன்றில் அன்றைய கடல் தண்ணீர், இன்னொன்றில் ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர். மருந்து விட்டால் ஒன்றில் பழுப்பாக வண்டல் இறங்கும், மற்றதில் வெள்ளையாக நிற்கும். பழுப்பென்றால் மீனுக்கு மூச்சு இருக்கிறது, வெள்ளையென்றால் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கோபம் அன்றைக்கே தீரும் என்று சொல்லமாட்டேன், ஒரு வார வருமானம் போனவர் அவர்.

பேச ஆரம்பித்தால் அவரிடம் ஒன்று கேளுங்கள். 2008-லும் உங்கள் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி மீன் செத்தது பதிவாகியிருக்கிறது. அதற்கும் 2019-க்கும் இடையில் எந்தெந்த வருடம், எந்தக் காற்றில், எந்தப் பக்கத்திலிருந்து பூங்கோரை வந்தது, எந்த மீன் முதலில் ஒதுங்கியது என்று அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஞாபகம் இருக்கலாம். உங்கள் குறிப்பேட்டில் அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், சொன்னவர் பெயரோடு.