ஆறும் திசு, ஆறாத திசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னையில் ஏறுவதற்காக வெட்டிய படிகள் பல வருடமாகியும் அப்படியே இருக்கின்றன. பக்கத்து வேப்பமரத்தில் பட்ட வெட்டு மூடிக்கொண்டது. ஏன் இந்த வித்தியாசம்?

வேம்பு, மா போன்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய உயிர்ப்படலம் தண்டைச் சுற்றி ஓடுகிறது. வெட்டுப் பட்டதும் விளிம்பில் இருக்கும் செல்கள் பெருகித் தடித்து, உள்நோக்கி வளர்ந்து காயத்தை மூடிவிடும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அந்தப் படலமே கிடையாது. உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் மரத்தை வளர்க்கிறது. கீழே உருவாகி முடிந்த தண்டில் புதுத் திசு போட ஆளில்லை. அதனால் இன்று வெட்டும் படி, மரம் சாயும் வரை படியாகவே இருக்கும்.

கண்ணுக்கு அழகில்லை என்பதோடு இது நிற்பதில்லை. சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட காயங்களைத்தான். புழு உள்ளே துளைத்துப் போன பிறகு காப்பாற்றுவது கடினம். ஆகவே படி வெட்டாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பள்ளங்களையும் ஓட்டைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். பச்சை மட்டையை வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.

மரத்தில் கம்பி கட்டுவதில் கதை தலைகீழ், இங்கே அடிபடுவது வேம்புதான். வேம்பு வருடாவருடம் பருக்கும். இறுக்கிய கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழியை நெரிக்கும். துணிக்கொடி கட்டினால்கூட வருடத்துக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டுங்கள்.

பனஞ்சட்டம் வாங்கும்போது வைரம் பாய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

அறுத்த முகத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றை, அதாவது நீரும் உணவும் செல்லும் குழாய்களின் கட்டு. அதன்மேல் தொப்பி போல ஸ்கிளிரங்கைமா என்ற கெட்டியான தாங்கு நார்கள் கவிந்திருக்கின்றன. மரத்தின் வெளிவட்டத்தில் இவை நெருக்கமாகவும், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருக்கும். வயது ஏற ஏற அந்த நார்ச் செல்களின் சுவர் தடித்து லிக்னின் என்ற கடினப்பொருள் ஏறும். அதுதான் வைரம். இளம்பனை வீட்டுக்கு ஆகாது என்பதற்குக் காரணமும் இதுவே.

புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறிப் பஞ்சுபோலவும் இருந்தால், நடுவில் உள்ள மென்மையான உள்சோற்றையும் சேர்த்து அறுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் செதுக்கப்படாவிட்டால் கறையான் அங்கேதான் முதலில் ஏறும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கால்சியம் குறைவா?

இல்லை. நகம் கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்களின் தகடு. அதன் உறுதி கால்சியத்தால் வருவதல்ல. நகம் உருவாகும் அடிப்பகுதியில் எப்போதோ பட்ட சிறு அடியே பெரும்பாலும் அந்தப் புள்ளி. கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும். புள்ளியும் அதோடு முன்னேறி வெட்டுப்பட்டுப் போகும்.

பதினோராம் வகுப்பு செய்முறையில் சூரியகாந்தித் தண்டை வெட்டிச் சாயமேற்றினால் எல்லாமே சிவப்பாகத் தெரிகிறது. கோலங்கைமா, ஸ்கிளிரங்கைமா என்ற இரு தாங்கு திசுக்களையும் பிரித்தறிய முடியவில்லை.

முதல் தவறு பெரும்பாலும் தண்டைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. முற்றிய தண்டு வேண்டாம். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது கணுவிடை போதும். பென்சில் பருமன் இருக்கட்டும். பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அறுக்காமல், உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். பத்துப் பதினைந்து சீவல்கள் எடுத்துத் தண்ணீரில் போட்டு, அதில் ஆக மெல்லியதைத் தூரிகையால் எடுங்கள். முழு வட்டம் கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். தோல் முதல் நடுச்சோறு வரை உள்ள ஒரு கீற்று போதும்; தடித்த முழு வட்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தின் 1 சதவீதக் கரைசலில் 2 முதல் 3 நிமிடம். பிறகு சாயம் கசிவது நிற்கும்வரை தண்ணீரில் அலசுங்கள். எல்லாம் சிவப்பாவது இந்த அலசலைக் குறைப்பதால்தான். ஏற்கெனவே அதிகம் ஏறியிருந்தால், ஒரு துளி அமிலம் விட்ட தண்ணீரில் சற்று அலசினால் வெளிறும். கிளிசரின் ஒரு துளி விட்டு, கவர்ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும்.

இப்போது தோலுக்கு அடுத்த சில அடுக்குகளைப் பாருங்கள். மூலைகள் தடித்து, பளிச்சென்று, சாயம் அதிகம் பிடிக்காமல் இருப்பது கோலங்கைமா. லிக்னின் இல்லாத, உயிருள்ள செல்கள். தண்டு நீளும்போது தானும் நீளும். வாஸ்குலார் கற்றைகளின் தலையில் அழுத்தமான சிவப்பில் கொத்தாக இருப்பது ஸ்கிளிரங்கைமா. முதிர்ந்ததும் இறந்துபோகும் செல்கள், இனி நீளாது.

சாயம் மீதமிருந்தால் கொய்யாச் சதையில் ஒரு சிட்டிகை எடுத்து ஸ்லைடில் நசுக்கி அதே சாயத்தை விடுங்கள். பல்லில் நறநறக்கும் அந்தக் கல் செல்கள் சிவப்புக் கொத்துகளாகத் தெரியும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய காட்சி.

எலும்பை வினிகரில் ஊறவைத்தால் ரப்பர் போல வளையும் என்றார்கள். எங்களுக்கு உதிர்ந்துபோனது.

குக்கரில் வேகவைத்த எலும்பை எடுத்திருப்பீர்கள். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகை உப்பு. மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். உப்பு விறைப்பைத் தருகிறது, கொலாஜன் முறியாமல் காக்கிறது. வினிகர் உப்பைக் கரைத்துவிடும். கொலாஜனை நீங்கள் முன்பே குக்கரில் கரைத்துவிட்டதால் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

பச்சைக் கோழிக்கால் எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மூழ்கும் அளவு வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள், கார்பன் டை ஆக்சைடு வரும். நாளுக்கொருமுறை வினிகரை மாற்றினால் நான்கைந்து நாளில் வளையத் தொடங்கும். ஈரமாக இருக்கும்போதே வளைத்துப் பாருங்கள், காய்ந்தால் விறைத்துவிடும். ஆட்டெலும்பு தடிமன் என்பதால் அதிக நாள் பிடிக்கும்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் மூட்டுத் தேய்மானம் சரியாகுமா?

காலில் இறைச்சி குறைவு; தோல், தசைநாண், குருத்தெலும்பு என்று கொலாஜன்தான் அதிகம். நிதானமாக வேகும்போது அது பிரிந்து ஜெலட்டினாகிச் சூப்பில் இறங்குகிறது. ஆறியதும் கெட்டியாவது அதனால்தான். குடித்தபின் நம் குடல் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். அவை நேராக முழங்காலில் போய் ஒட்டாது. நல்ல உணவு, விரும்பிக் குடியுங்கள். மூட்டு வைத்தியத்தை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். உடல் தன் கொலாஜனை உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன.

மகள் காதின் மேல்பகுதியிலும் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள். மடலில் குத்துவது போலத்தானே?

அப்படியல்ல. கீழ்மடலில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்பும் நல்ல இரத்த ஓட்டமும் இருப்பதால் சுமார் 6 வாரத்தில் ஆறிவிடும். மேல்பகுதியில் இருப்பது மீள் குருத்தெலும்பு. அதற்கென்று இரத்தக் குழாய் கிடையாது, மேலே ஒட்டியிருக்கும் உறையிலிருந்து ஊறிவரும் சத்தில்தான் பிழைக்கிறது. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் பிடித்தால் சத்து நின்று, குருத்தெலும்பு இறந்து, காது சுருங்கிவிடும். போன வடிவம் தானாகத் திரும்பாது.

குத்துவதாக இருந்தால் துப்பாக்கி வேண்டாம். அது குருத்தெலும்பை நசுக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், கிருமி நீக்கிய ஊசியால், பயிற்சி உள்ளவரிடம் குத்துங்கள். ஆறச் சில மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். மேல்காது சிவந்து, வீங்கி, தொட்டால் வலித்து, கீழ்மடல் மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்பு உறையில் தொற்று என்பதற்கான அடையாளம். மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.