ஓர் அரசுக் கல்லூரி மாநிலத்துக்குச் செய்ததை எப்படிக் கௌரவிக்கலாம்? சிலையும் விழாவும் போதுமா?

நீங்கள் ஏதோ விழாக் குழுவில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த அரசுக் கல்லூரி கோவை வேளாண் கல்லூரிதான். நான் அங்கே படித்தவன் இல்லை, உறவுக்காரர் யாரும் அங்கே வேலையிலும் இல்லை. 1868-ல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்குப் போய், 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. மாட்டுக்கு அவர்கள் வெளியிட்ட கோ 4 தீவனப் புல்லை அறுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எங்கள் நிலம் வேதாரண்யம் பக்கம், கடைமடை. கோடையில் வரப்போரம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நட்ட பயிர் நுனி கருகித் திட்டுத் திட்டாகப் போய்விடும். அப்பா அந்தக் கோவைக்காரர்களின் உப்பு தாங்கும் நெல் ரகமான கோ 43 போட ஆரம்பித்த பிறகுதான் அந்த வயலில் நெல் என்று சொல்லும்படி ஏதோ கண்டோம். அக்கா கல்யாணக் கடன் அந்த நெல்லில்தான் அடைந்தது. விதை மூட்டையில் தைத்திருந்த நீலச் சான்று அட்டையைப் பிரித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

இயற்கை விவசாய அன்பர்கள் உடனே சண்டைக்கு வருவீர்கள். உவர் நிலத்துக்குக் களர்பாலை என்ற பாரம்பரிய நெல் இருந்ததே என்பீர்கள். இருந்தது, நாங்களும் போட்டோம். அந்த மகசூலில் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. உரமும் மருந்தும் அளவு மீறிப் போனதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1921-லேயே கோணாமணி நெல்லிலிருந்து ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரகத்தைப் பிரித்தெடுத்த இடம் அந்தக் கோவைதான். பாரம்பரியத்தை ஒழித்தார்கள் என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெள்ளைப் பொன்னி மூட்டையில் மில்காரர் பெயர் இருக்கும், மயில் படம் இருக்கும். 1986-ல் அந்த ரகத்தை வெளியிட்ட கோவைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது. மூட்டையில் ஒரு வரி அச்சடிக்க வையுங்கள், சிலையெல்லாம் அப்புறம்.

விளைய வைத்த பிறகு நடப்பதுதான் வயிற்றெரிச்சல். போன தை மாதம் எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று முதலில் தள்ளினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்ததும் அதே நெல் காய்ந்துவிட்டது! விழாவுக்கு அமைச்சர் வந்தால் இதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.