பாராகுவாட்: மாற்று மருந்து இல்லாத களைக்கொல்லி

களைக்கொல்லிகள் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாராகுவாட் பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: மக்காச்சோளத்தில் வரிசைக்கு நடுவே அடிக்க பாராகுவாட் 24% வாங்கினேன். கடைக்காரர் டேங்குக்கு 100 மில்லி என்கிறார், பக்கத்துத் தோட்டக்காரர் 200 ஊற்றினால்தான் சாகும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இருவர் சொல்வதையும் விடுங்கள். அளவு டேங்குக்கு இல்லை, நிலத்துக்கு. ஒரே டேங்கை ஒருவர் எட்டு சென்டில் தீர்ப்பார், இன்னொருவர் பதினைந்து சென்டுக்கு இழுப்பார். எனவே உங்கள் நடைக்கும் உங்கள் நாசிலுக்கும் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று முதலில் அளக்க வேண்டும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் கயிறு கட்டி அளந்துகொள்ளுங்கள், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட் வரும். டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான வேகத்தில் அந்த இடம் முழுக்க அடியுங்கள். மீதித் தண்ணீரை அளந்து கழித்தால் எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும். 5 லிட்டர் இறங்கியிருந்தால், ஏக்கருக்கு அதைப்போல் 40 மடங்கு, அதாவது 200 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க்.

அடுத்து, டப்பாவோடு வரும் துண்டுப்பிரசுரத்தில் உங்கள் பயிரின் வரியைப் பாருங்கள். அளவை ஹெக்டேருக்குத்தான் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு அங்கே 1.25 லிட்டர் என்று இருந்தால், ஏக்கருக்கு அரை லிட்டர். அதைப் பன்னிரண்டரை டேங்குக்குப் பிரித்தால் டேங்குக்கு 40 மில்லிதான் வருகிறது. 200 மில்லி ஊற்றுபவர் அதைப்போல் ஐந்து மடங்கு ஊற்றுகிறார். உங்கள் பயிரின் பெயரே அந்தத் தாளில் இல்லையென்றால், அந்தப் பயிருக்கு அது அனுமதிக்கப்படவில்லை என்று பொருள்.

கூடுதலாக ஊற்றினாலும் கோரையும் அருகும் சாகாது. பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் கருக்கும், வேருக்கோ கிழங்குக்கோ இறங்காது. வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடி மறுநாள் பழுப்பதைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்போம். பத்துப் பதினைந்து நாளில் கோரை அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதற்கு மேலும் மேலும் ஊற்றுவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

பயிர் வரிசைக்குள் அடிக்கும்போது நாசிலுக்குக் கூம்பு மறைப்பு கட்டாயம். நாசிலை முழங்காலுக்குக் கீழே வைத்து, காற்று அடங்கிய காலை நேரத்தில் அடியுங்கள். சோளத்தின் இலையில் படும் ஒவ்வொரு துளிக்கும் ஒரு கருகல் புள்ளி விழும்.

கேள்வி: வாய்க்கால் தண்ணீரில் கலந்து அடித்தேன், பாதிக் களைகூடக் கருகவில்லை. போலி மருந்தா? சோப்புத்தூள் சேர்க்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

போலியாக இருக்கத்தான் வேண்டும் என்றில்லை. கலங்கல் தண்ணீர் ஒன்றே போதும் மருந்தைக் கெடுக்க. பாராகுவாட் களிமண் துகளைப் பிடித்துக்கொண்டால் விடாது. மண்ணில் விழுந்ததும் அது செயலிழப்பதும், அடித்த நிலத்தில் சீக்கிரமே விதைக்க முடிவதும் இதனால்தான். அதே மண் டேங்குக்குள் வந்தால் மருந்து அங்கேயே முடங்கிவிடும். போர்த் தண்ணீர் அல்லது தெளியவைத்த தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். களையின் மேலே புழுதி படிந்திருந்தாலும் இதே கதைதான்.

சோப்புத்தூள் வேண்டாம். பாராகுவாட் நேர் மின்னேற்றம் கொண்டது, துணி துவைக்கும் தூளில் உள்ளது பெரும்பாலும் எதிர் மின்னேற்றம். இரண்டும் சேர்ந்தால் மருந்தின் வேகம் குறையும். ஒட்டும் திரவம் தேவையென்றால் அயனியற்ற வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் அடிக்கிறார். சொன்னால், "இருபது வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலே" என்கிறார். இரண்டு கை விரல் நகமும் வெளுத்துப் பெயர்கிறது. இது மருந்தாலா?
– வாசகி, பெரம்பலூர்

ஆம், பெரும்பாலும் அதனால்தான். நகத்தில் வெள்ளைப் பட்டை விழுந்து, பிறகு நகமே பெயர்வது, தண்ணீர் கலக்காத அடர்மருந்து வெறுங்கையில் பட்டதன் தழும்பு. அளவு மூடியில் ஊற்றும்போதும் மூடியைத் திருகும்போதும் விரல் நுனியில் வழிவதுதான் காரணம். கையுறை போட ஆரம்பித்தால் புது நகம் முளைக்கும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 16 லிட்டரில் 40 மில்லி என்றால், டேங்கில் இருப்பதைவிட டப்பாவில் இருப்பது 400 மடங்கு கடுமையானது. எனவே நாள் முழுக்க அடிப்பதைவிட, டப்பாவைத் திறந்து ஊற்றும் அந்த ஒரு நிமிடம்தான் மிக ஆபத்தானது. முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடும் முழங்கை வரை நைட்ரைல் கையுறையும் அந்த ஒரு நிமிடத்துக்காவது வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை உதவாது. துளி கண்ணில் தெறித்தால் முதலில் எரிச்சல் லேசாகத்தான் தெரியும். அடுத்தடுத்த நாட்களில் கருவிழியின் மேல்தோல் உரியும். உடனே இமையை விரித்துப் பிடித்து 15–20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த ஆபத்து முதுகில். நல்ல தோல் வழியாகப் பாராகுவாட் அதிகம் உள்ளே போகாது என்பது உண்மை, இருபது வருடம் தப்பித்ததும் அதனால்தான். ஆனால் மூடியின் வாஷர் தேய்ந்து, டேங்க் கசிந்து, சட்டையும் இடுப்புத் துணியும் மூன்று நான்கு மணி நேரம் ஈரமாகவே உடம்பில் ஒட்டிக்கிடந்தால் கதை வேறு. அந்த ஈரம் தோலைப் புண்ணாக்கும், புண்ணான தோல் மருந்தை உள்ளே விடும். இப்படி உயிர் போனதும் உண்டு. காலில் முள் குத்திய காயம், கையில் அரிவாள் கீறல் இருக்கும் நாளில் இதைத் தொடவே கூடாது.

அடிப்பதற்கு முன்: டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒரு பழைய செய்தித்தாளின் மேல் சாய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தாள் நனைந்தால் வாஷரை மாற்றாமல் தோளில் ஏற்றக்கூடாது. முழுக்கைச் சட்டை, பேண்ட், கம்பூட். பேண்டின் நுனி பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழியும் மருந்து நேராகப் பாதத்தில் தேங்கும். மூக்கில் கட்டும் துண்டு நனைந்ததும் மாற்றுங்கள், நனைந்த துண்டு மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைக்கும். அடித்த அன்று மூக்கில் ரத்தம் வந்தால் சாரல் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பையில் ஒரு மாற்று நாசிலும் பழைய பல் துலக்கும் பிரஷும் இருந்தால் போதும். முடித்ததும் கையுறையோடேயே கையைக் கழுவி, பிறகு கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

கேள்வி: கால் லிட்டர் போதும் என்றால் கடையில் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

வாங்கவே கூடாது. அப்படிப் பிரித்து விற்பது சட்டப்படியும் குற்றம். இந்தத் திரவம் அடர் நிறத்தில் இருப்பதால், இருட்டில் கோலா என்று நினைத்து வாயில் வைத்தவர்கள் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். தவறென்று தெரிந்து உடனே துப்பியவர்களும் அதில் உண்டு. வேறு பாட்டிலுக்கு மாறியதும், லேபிளில் நச்சின் கடுமையைக் காட்டும் மஞ்சள் முக்கோணம், எச்சரிக்கை, மருத்துவருக்கான குறிப்பு எல்லாம் போய்விடுகின்றன. சிறிய அளவில் முத்திரையோடு வரும் டப்பாவைக் கேளுங்கள், இல்லையென்றால் இந்த முறை ஆள் வைத்துக் களை எடுங்கள். அலுமினியப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்காதீர்கள், உலோகத்தை அரித்து, எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும்.

கேள்வி: தவறி விழுங்கிவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒருவர் குடித்துவிட்டு இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், பிழைத்துவிட்டார் என்று நினைத்தோம். பத்தாம் நாள் இறந்துவிட்டார். எப்படி?
– வாசகி, விழுப்புரம்

பாராகுவாட்டின் கொடுமையே அதுதான். குடித்தவர் தெளிவாகப் பேசுவார், எழுந்து நடப்பார். முதல் நாள் வாயும் தொண்டையும் எரிந்து, நாக்கில் புண் வரும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும். அதன்பின் ஒன்றிரண்டு வாரத்தில் நுரையீரல் தழும்பேறி இறுகி, மூச்சு எடுக்க முடியாமல் போகும். அந்தக் கடைசி வரைக்கும் நினைவு இருக்கும்.

நுரையீரல் ஏன்? நம் உடலில் இயல்பாக உள்ள ஒரு பொருளின் சாயல் பாராகுவாட்டுக்கு இருப்பதால், நுரையீரல் செல்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அங்கே சேர்கிறது. இலையில் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் அழிவை, இங்கே ஆக்சிஜன் மட்டுமே செய்கிறது. அதனால்தான் இந்த நோயாளிக்கு மருத்துவர்கள் எடுத்தவுடன் ஆக்சிஜன் வைப்பதில்லை, ரத்தத்தில் அளவு மிகவும் இறங்கிய பிறகே வைப்பார்கள். "மூச்சு வாங்குது, மாஸ்க் போடுங்க" என்று சண்டை போடாதீர்கள், அவர்கள் தெரிந்துதான் பொறுக்கிறார்கள்.

மாற்று மருந்து கிடையாது. அடர்மருந்து ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. எனவே முதல் இரண்டு மணி நேரத்தில் செய்வதுதான் பெரிய வித்தியாசம் தரும்:

வாயில் இருப்பதைத் துப்பி, தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். உப்புக் கரைசல் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் திரவம் தொண்டையை இரண்டாவது முறையும் அரிக்கும், நுரையீரலுக்குள்ளும் இறங்கலாம். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். டப்பாவை லேபிளோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மருத்துவமனையில் "வயலுக்கு அடிக்கிற மருந்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். பூச்சிமருந்து என்று நினைத்தால் அட்ரோபின் பக்கம் யோசனை போகும், பாராகுவாட்டுக்கு அது மருந்தல்ல. "பாராகுவாட், இத்தனை மணிக்கு, ஏறக்குறைய இவ்வளவு" என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீரில் சோடியம் டைதயோனைட் கலந்து பார்ப்பார்கள், நீலமாக மாறினால் உறுதி. குடலில் இருப்பதைப் பிடிக்கச் செயலூட்டிய கரி கொடுப்பார்கள். அதற்கு நேரம்தான் முக்கியம். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். ஒரு வாய் குடித்துத் துப்பியவர் என்றாலும் சில நாட்களாவது சிறுநீரகப் பரிசோதனை தொடர வேண்டும்.

வீட்டில் யாராவது மனம் நொந்து இருக்கிறார் என்று தெரிந்தால், டப்பாவை அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். ஆத்திரம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் இந்த மருந்து உள்ளே போனபின் மனம் மாறியும் பயன் இருக்காது. பிழைக்க வேண்டும் என்று கெஞ்சியபடியே போனவர்களை எல்லா மருத்துவமனைகளும் பார்த்திருக்கின்றன. மனம்விட்டுப் பேச 14416 என்ற எண் கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: அடித்த வரப்பில் மாடு மேய்ந்துவிட்டது. பாலைக் கறக்கலாமா?
– வாசகி, தாராபுரம்

எவ்வளவு மேய்ந்தது, அடித்து எத்தனை மணி நேரமாயிற்று என்று சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் வரை பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுங்கள். கருகிய புல்லை அறுத்துப் போடவும் வேண்டாம். மாட்டுக்கு இன்னும் பெரிய ஆபத்து, டேங்க் கழுவிய தண்ணீர் கிடக்கும் வாளி.

கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாராகுவாட் தடை. இங்கே கடையில் விற்கிறார்கள். எது சரி?
– வாசகர், கம்பம்

கேரளம் 2011-ல் தடை செய்தது. மத்திய அரசின் பதிவு நீடிப்பதால் மற்ற பல மாநிலங்களில் விற்பனை நடக்கிறது. ஸ்வீடன் 1983-லேயே நிறுத்திவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இல்லை. திரவ வடிவத்தைச் சீனா 2016-ல் நிறுத்தியது, தாய்லாந்தும் பிரேசிலும் 2020-ல் பாராகுவாட்டையே தடை செய்தன. இலங்கை 2008 முதல் படிப்படியாகக் குறைத்து முழுவதுமாக விலக்கியது. அங்கே மருந்து குடித்து இறப்பவர்கள் குறைந்தார்கள், அதற்காக விளைச்சல் விழவில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மட்டும் நாம் வாங்கியாக வேண்டும் என்றில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பவர் வீடரும் பிரஷ் கட்டரும் மூடாக்கும் போதும், இந்த டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவரும் அளவுக்குக் களை பெரிய எதிரி அல்ல என்பது எங்கள் கருத்து.

கேள்வி: காலி டப்பா, மீந்த மருந்து, இரண்டையும் என்ன செய்வது?
– வாசகர், தென்காசி

கலந்து மீந்ததை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் அதே நிலத்தின் களையிலேயே அடித்துத் தீர்க்கலாம். வாய்க்கால், கிணறு, குளத்தின் பக்கமே போகாதீர்கள். டப்பா காலியானதும் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படி. இதைக் கடைசி டேங்க் கலக்கும்போது செய்தால் கழுவிய தண்ணீரும் வீணாகாது. பிறகு அடியில் ஆணியால் நான்கைந்து ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுத்துப் போக மாட்டார்கள். எரிக்க வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள், 1800 180 1551 உழவர் அழைப்பு மையத்திலும் சொல்வார்கள். மிச்சம் இருக்கும் அடர்மருந்தை அதே டப்பாவில், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள், சமையலறைக்கும் தீவனத்துக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.